திருச்சி வானொலியின் கதையை எழுதப் போனபோது

முதல் மூன்று மாதமும் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன் என்பது பின்னால்தான் புரிந்தது. ஊர் வரலாறுகளை வரிசையாகக் கொண்டுவரும் ஒரு சிறு பதிப்பகம், திருச்சி வானொலி நிலையத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தரக் கேட்டது. பத்திரிகையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். பழைய நாளிதழ், அறிக்கை, நூலகம் என்று சுற்றினால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டரை வருடம் பிடித்தது.

தேதிகள் சீக்கிரமே கிடைத்துவிட்டன. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது 1924 மே 16ல். அந்த வருடம் ஜூலை 31ல் அது ஒலிபரப்பத் தொடங்கியது. பணமில்லாமல் 1927ல் நின்றுபோனது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ல் வந்தது. சரியாகப் பதினொரு மாதம் கழித்து, 1939 மே 16ல் திருச்சி. நான்காவது மாதம் உலகப்போர் மூண்டுவிட்டது.

இதில் மூன்று இடத்தில் 16 வருவதைக் கவனியுங்கள். என் முதல் வரைவில் திருச்சி நிலையம் 1939 ஜூன் 16ல் தொடங்கியதாக எழுதிவிட்டேன். படித்துப் பார்க்கக் கொடுத்திருந்த ஒரு பெரியவர் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘மே’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு தேதியை இரண்டு இடத்தில் பார்க்காமல் வரைவில் சேர்ப்பதில்லை.

நாடு விடுதலை அடைந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த நிலையங்கள் மொத்தம் 6: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. இந்த வரியைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். ஆறில் இரண்டு தமிழ்நாட்டில். அந்தப் பட்டியலில் தலைநகரமாக இல்லாத ஒரே ஊர் திருச்சிதான். ஆறும் சேர்ந்து எட்டியது நாட்டின் நிலப்பரப்பில் 2.5 சதவீதம், மக்கள்தொகையில் 11 சதவீதம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் காவிரிக் கரையின் நாதஸ்வரமும் உழவும் அடங்கியிருந்தன என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இதற்காகவே இந்தப் புத்தகத்தை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் தேதிகளை வைத்துக்கொண்டு ஒரு வானொலியை எழுத முடியாது. அது என்ன பேசியது, என்ன பாடியது? ஒலித்த நொடியிலேயே காற்றில் போய்விடுவது அதன் இயல்பு. ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் எல்லாமே நேரடி ஒலிபரப்பு. வித்வான் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாடுவார், எழுந்து போவார், அவ்வளவுதான். நாடகமும் அப்படியே, வசனத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கைச் சுற்றி நின்று நடித்தார்கள். ஒலிநாடா வந்த பிறகும், நாடா விலை அதிகம் என்பதால் ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றைப் பதிவுசெய்தார்கள். உலகம் முழுக்கப் பல நிலையங்களும் செய்ததுதான் இது.

அதனால் நான் ‘வானொலி’ இதழைப் பிடித்துக்கொண்டேன். நிகழ்ச்சி நிரல்களை முன்கூட்டியே அச்சிட்டு வந்த பழைய தமிழ் இதழ் அது. ஒரு நூலகத்தில் பைண்டு செய்த தொகுதிகளைப் புரட்டி, எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் கச்சேரி, என்ன பேச்சு என்று அட்டை அட்டையாகக் குறிப்பெடுத்தேன். சில தொகுதிகளில் பக்கங்கள் கிழிந்திருந்தன, சில மாதங்களே இல்லை. ஆனாலும் இரண்டு ஷூ டப்பா நிறைய அட்டை சேர்ந்தது. வேலையில் முக்கால்வாசி முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற அறிவிப்பாளர் ஒருவரைப் பார்க்கப் போனேன். என் அட்டைகளைப் பெருமையோடு அவர் முன்னால் பரப்பினேன். ஒன்றை எடுத்துப் படித்தார், இன்னொன்றை எடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்தார். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்ததை நாலு வரி எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு. அட்டையில் இருந்த ஒரு தேதியைத் தேடி எடுத்துக் காட்டினார். அச்சில் இருந்தது ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. டைரியில் இருந்தது: ‘வித்வானுக்குத் தொண்டைக்கட்டு. நிலைய வித்வான் வீணை. கடைசி மூன்று நிமிஷம் இசைத்தட்டு.’

“தம்பி, நீங்க எழுதிட்டு வந்தது நாங்க போடணும்னு நினைச்சது. போட்டது வேற” என்றார்.

இந்த இரண்டு வாக்கியம் எனக்கு மூன்று மாத வேலையைக் கலைத்துப் போட்டது. அச்சு நிரல் என்பது சில வாரம் முன்னாலேயே எழுதப்படுவது. அதற்குள் காய்ச்சல் வரும், ரயில் தாமதமாகும், ஒரு தலைவர் இறந்துபோவார், மழையில் லைன் போகும். அறிவிப்பாளர் முன்னால் இருக்கும் கியூ ஷீட்டில், அதாவது அன்றைய நிகழ்ச்சி வரிசைத் தாளில், கையால் அடித்துத் திருத்தியதுதான் உண்மையில் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஷூ டப்பாக்களை நான் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு அட்டையிலும் மூலையில் ‘திட்டம்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். டைரியோ, கடிதமோ, வேறு ஒருவரின் சாட்சியோ கிடைத்தால் மட்டும் ‘ஒலித்தது’ என்று பச்சையில். புத்தகம் முடியும்வரை பச்சை அட்டைகள் நூறைத் தாண்டவில்லை.

தேதியில்லாத காகிதங்கள் இன்னொரு தொல்லை. அதற்கு ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி இன்றைக்கும் என்னைச் சந்தோஷப்படுத்துகிறது. காகிதத்தில் மத்திய அலை (மீடியம் வேவ்) அலைவரிசை எண் இருந்தால் அதை ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொன்னார். 1975ல் ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தம் 1978 நவம்பர் 23ல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அதனால்தான் நேயர்களுக்குப் பழகிய திருச்சியின் 936ம் சென்னையின் 720ம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகின்றன. வகுபடாத எண் இருந்தால் காகிதம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஒரு சிறு வகுத்தலில் ஒரு கட்டுக் காகிதத்தை முன்னும் பின்னுமாகப் பிரித்து அடுக்க முடிந்தது.

திருவையாறு ஆராதனையைப் பற்றியும் அந்தப் பொறியாளரிடம்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் காவிரிக்கரைப் பந்தலில் இருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஸ்டூடியோவுக்கு வந்து, அங்கிருந்து காற்றில் ஏறும். விடியற்காலையிலேயே போய் லைனைச் சோதித்துவிட வேண்டும். நூற்றுக்கணக்கான பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே குரலில் பாடும் இடத்தில் மைக்கை எங்கே வைப்பது? மைக்குக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறாரோ அவர் குரல்தான் தமிழ்நாடு முழுக்கக் கேட்கும். புகைப்படத்தில் எல்லோரும் இருப்பார்கள், ஒலியில் நாலைந்து பேர்தான். எத்தனையோ வருட ஆராதனையை நம் வீடுகள் அந்த நாலைந்து பேரின் வழியாகத்தான் கேட்டிருக்கின்றன.

காகிதத்தில் இருப்பதைத் தேடுவதைவிட, இல்லாததைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1940 மார்ச்சில் இருந்து அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது. நம் நாடக மேடைக்கு உயிரே ஆர்மோனியம்தான். என் அட்டைகளில் எங்கேயும் ‘இன்று ஆர்மோனியம் இல்லை’ என்று எழுதியிருக்கவில்லை, எழுதவும் மாட்டார்கள். ஒரு பழைய நாடக நடிகரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் இது உறைத்தது. மேடையில் ராஜபார்ட் போட்டவர்களுக்கு வானொலிக்குள் போனதும் பாதி மூச்சு நின்றதுபோல் இருந்திருக்கும்.

சினிமாப் பாட்டும் அப்படியே. மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், 1952 வாக்கில், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஒடுங்கின. ரேடியோ முள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. அறுபது வயதைத் தாண்டிய நேயர்களிடம் போய்த் திருச்சி வானொலியைப் பற்றிக் கேட்டால், பாதிப் பேர் முகம் மலர்ந்து இலங்கை வானொலியைப் பற்றிப் பேசினார்கள். ஆரம்பத்தில் நான் பேச்சை இழுத்துத் திருச்சிக்குக் கொண்டுவந்துவிடுவேன். பிறகு அதை விட்டுவிட்டேன். ஜனங்கள் எதைக் கேட்க முள்ளைத் திருப்பினார்கள் என்பதும் திருச்சி நிலையத்தின் வரலாறுதானே! 1957 அக்டோபர் 3ல் அகில இந்திய வானொலியின் திரைப்பாடல் சேவையான விவித் பாரதி வந்ததற்குக் காரணமே அந்தத் திரும்பிய முள்தான். அதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்தேன். பதிப்பாசிரியர் சுருக்கச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை.

நேயர்களிடம் வருடம் கேட்கக்கூடாது என்பதையும் அனுபவத்தில்தான் கற்றேன். “எந்த வருஷம் ரேடியோ வாங்கினீங்க?” என்றால் யாருக்கும் தெரியாது. “ரேடியோ வந்தப்ப வீட்ல யார் கைக்குழந்தை?” என்று கேட்டால் உடனே பதில் வரும். அந்தக் குழந்தையின் பள்ளிச் சான்றிதழில் வருடம் இருக்கும். அதைவிட நல்ல சாட்சி லைசன்ஸ் புத்தகம். ரேடியோ வைத்திருக்க அப்போது தபால் ஆபீசில் வருடாவருடம் பணம் கட்டி உரிமம் எடுக்க வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில், எண்பதைத் தாண்டிய விவசாயி ஒருவர் பரணில் இருந்த தகரப்பெட்டியில் தேடி அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அட்டை கரையான் அரித்து ஓரம் தூளாகியிருந்தது. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் கட்டணம் கட்டியதற்கான ஸ்டாம்ப், அதன் மேல் தபால் ஆபீஸ் முத்திரை. முதல் முத்திரையில் தேதி பாதி அழிந்திருந்தது, வருடம் மட்டும் தெளிவாக இருந்தது: 1964.

அந்த வருடம் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். 1965ல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஏ.டி.டி. 27 என்ற நெல் வந்தது. ஜப்பான் நெல்லும் நம் நெல்லும் கலந்த ரகம், சுமார் 105 நாளில் அறுவடை, குறுவைக்குப் பொருத்தம். திருச்சி வானொலி அதைப் பற்றித் தொடர்ந்து பேசியது. 1966ல் விவசாய ஒலிபரப்புக்கென்றே தனிப் பிரிவும் வந்தது. தஞ்சைப் பகுதி விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. விதை வாங்கும்போதும் அப்படியே கேட்டார்கள்.

வானொலியால்தான் அந்த நெல் பரவியது என்று எழுதிவிட ஆசையாக இருந்தது. எழுதவில்லை. அந்தச் சமயத்தில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர விவசாயத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டுறவுக் கடன், உரம், கிராம சேவகர் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தன. யாருக்கு எத்தனை பங்கு என்று இன்றைக்குப் பிரிக்க முடியாது. ஆனால் பெயர் பொய் சொல்லாது. ஒரு பயிருக்கு அதைக் கண்டுபிடித்த ஊரின் பெயரையோ விதை கொடுத்த ஆபீசின் பெயரையோ வைக்காமல் ரேடியோவின் பெயரை வைத்தார்கள் என்றால், அவர்கள் காதில் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். என்னிடம் இருந்த பச்சை அட்டைகளிலேயே கனமானது இதுதான்.

அத்தியாயத்தை முடித்து, அச்சுக்கு முந்திய படியை எடுத்துக்கொண்டு மறுபடி பாபநாசம் போனேன். பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். விவசாயிகள் சாயங்காலம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், குறிப்பெடுத்தார்கள், மறுநாள் வயலுக்குப் போய்ப் பேசினார்கள் என்று இரண்டு பக்கம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நிலைப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி நான் நிறுத்தியதும் கேட்டார்.

“இவரு எங்க தம்பி கேட்டாரு? அந்த நேரத்துக்கு மடையில தண்ணி பார்க்கப் போயிருவாரு. அடுப்படியில உக்காந்து நான்ல கேட்டேன்.”

உரம் எத்தனை மூட்டை, எத்தனையாவது நாள் மேலுரம் என்று வானொலியில் சொன்னதை அந்தம்மா நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்து, இரவு சாப்பாடு போடும்போது அவரிடம் சொல்வாராம். தெருவில் இன்னும் நாலு வீட்டிலும் அப்படித்தானாம். பெரியவர் மறுக்கவில்லை. “ஆமா, அவதான் சொல்லுவா” என்றார்.

இரண்டரை வருடத்தில் அந்த வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். அந்தம்மா கையால் மூன்று முறை காபி வாங்கிக் குடித்திருக்கிறேன். ரேடியோவில் என்ன கேட்டீர்கள் என்று அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மற்ற கிராமங்களிலும் திண்ணையில் இருந்தவர்களிடம்தான் பேசியிருந்தேன்.

பதிப்பகத்துக்குப் போன் செய்து இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொன்னேன். கையில் இருந்த படியில் ‘விவசாயிகள் கேட்டார்கள்’ என்று வந்த இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டேன், பதினேழு இடம் வந்தது. மறுநாள் காலை, முதல் கிராமத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை அடுப்படிப் பக்கமாக.