நீரும் நீயும்

மயிலாடுதுறையில் பொறையார் பஸ் ஏறியதிலிருந்து அத்தைக்கு உட்கார இடமில்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் மாலையும் தட்டுமாக இறங்கியதும் ஜன்னலோரம் நகர்ந்து, "ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

தரங்கம்பாடியில் நாங்கள் பார்க்கப் போனது புது எருசலேம் ஆலயம். முகப்பில் ஒரு கிரீடம், அதன் கீழ் அப்போது இந்த ஊரை ஆண்ட டென்மார்க் அரசரின் பெயரெழுத்து, 1718 என்ற ஆண்டு. கட்டிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு மறு வருஷமே, 36 வயதில் இறந்துபோனார். உள்ளேயேதான் அடக்கம்.

1706 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கியவர் தமிழ் படித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வாத்தியாரைத் தன் வீட்டிலேயே திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1715-இல் இந்த ஊர் அச்சகத்திலிருந்தே தமிழில் புதிய ஏற்பாடு வந்துவிட்டது.

எழுத்தெல்லாம் சரி, கடவுளை என்ன சொல்லி அழைப்பது? அவர் 'சருவேசுரன்' என்றார். பின்னால் வந்து வேதத்தை மறுபடி மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். அப்புறம் 'தேவன்'. இப்போது திருவிவிலியம் என்கிற புது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. யோவான் சுவிசேஷத்தின் முதல் வரியில் இருந்த 'வார்த்தை'கூட அதில் 'வாக்கு' ஆகிவிட்டது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. வார்த்தையை விட்டுவிடலாம், வாக்கைக் கொடுத்தால் காப்பாற்றியாக வேண்டும். அத்தைக்குத்தான் ஒப்பவில்லை. "கடவுள்னா யாரோ மாதிரி இருக்குடா. நான் தேவன்கிட்டதான் அழுதிருக்கேன்."

ஆலயத்துக்குள் எங்களைத் தவிர ஒரே ஒரு அம்மாள். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார். கூடைத்துணியின் ஈரம் தோளில் அப்படியே இருந்தது. முழங்காலிடாமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பது போலக் கேட்டார்: "பாத்துக்கிட்டுத்தானேப்பா இருக்கே? ஏன் இப்படிப் பண்றே?"

அத்தை திடுக்கிட்டுப் போனார். எங்கள் சபையில் யாரும் ஆண்டவரை 'நீ' என்பதில்லை. எப்போதும் நீர், உமது, உம்முடைய. வீட்டிலோ கடைத்தெருவிலோ எங்கள் பக்கம் யாரும் யாரையும் 'நீர்' என்று சொல்லிக் கேட்டதில்லை. ஜெபத்துக்கென்றே எடுத்து வைத்த பட்டுப்புடவை மாதிரி ஒரு சொல் அது. வேதப்புத்தகத் தமிழ் சொல்லிக்கொடுத்த மரியாதைதான்; ஆனால் அழுகை வரும்போது கூடவே வருமா?

மரியாதை என்றாலே விலகி நிற்பது என்றும் சொல்ல முடியவில்லை. திருவாரூரில் ஒரு கண் தெரியாமல் நின்று சுந்தரர் சிவனிடம் சண்டை போட்டது 'உமக்கே', 'வாழ்ந்துபோதீரே' என்றுதான். அந்தப் பன்மையில் எத்தனை கோபம்!

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கடற்கரைவரை நடந்து, அலை தின்றதுபோக மிச்சம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பஸ் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, வெயில் ஏறிவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்த அத்தை, கண்ணை மூடி முணுமுணுத்தார்: "ஒரு பஸ்ஸை அனுப்பேன்ப்பா."

ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அனுப்பும்" என்றார்.