இரண்டாவது கியர்

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. பட்டறையில் உலை, ஊதுகுழல், கம்பி இழுக்கும் மிஷின், தராசு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து முடிக்கவே மாலையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து வண்டிக்கு, என் போர்ஷே 718 கேமன் ஜி.டி.4 காருக்கு, தனியாகப் பூஜை. பின் டயர் 295 மி.மீ. அகலம். அதன் அடியில் வைக்க, கடைவீதியில் இருந்ததிலேயே பெரிய எலுமிச்சையாகப் பொறுக்கி வாங்கினேன். பூசணிக்காயைத் தூக்கக் கூடாது என்று சொல்லியும் கேட்காமல் அப்பாதான் சுற்றினார். மூச்சு வாங்கியது. எஞ்சினைப் போட்டதும் முகம் மாறிவிட்டது.

"ஆறு சிலிண்டரா கண்ணு?"

ஆறுதான் அப்பா. வாங்கிய நாளிலிருந்து இதையே கேட்கிறார். தெரியாமல் கேட்கவில்லை, ஆமாம் என்று நான் சொல்வதைக் கேட்க அவருக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

உரசிவிட்டது. கன்னங்குறிச்சி போகும் வழியில் புதிதாக ஒரு வேகத்தடை. போன வாரம் அது அங்கே இல்லை. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. குறுக்காகத்தான் ஏற்றினேன், ஒவ்வொரு சக்கரமாக, பக்கத்தில் நடந்துபோனவர் என்னை முந்திப் போகும் வேகத்தில். அப்படியும் முன் பம்பரின் அடியில் இருக்கும் கருப்பு விளிம்பு, லிப், தாரில் இழுபட்டது. அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு இருக்கிறது. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், மெல்ல எழுந்து மெல்ல இறங்க வேண்டும். இங்கே இருப்பது அதில் கால்பங்கு அகலத்துக்குள் குவித்துக் கொட்டிய தார். என் வண்டிக்காக மட்டும் எனக்குக் கோபமில்லை. இடுப்பு வலிக்காரரை ஏற்றிப் போகும் ஆட்டோவும் இதில்தான் ஏறி இறங்குகிறது. இரவில் பைக் ஓட்டி வருகிறவனுக்கு இது தெரியவே போவதில்லை.

இந்த ரகம் சாதாரண கேமனைவிட 30 மி.மீ. தாழ்வு. வளைவுகளில் அது அப்படி ஒட்டிக்கொண்டு போவதற்குக் காரணமும் அந்த 30 மி.மீ.தான். லிப் தனித் துண்டு, கழற்றி மாற்றிவிடலாம். சொல்லிவைத்தாயிற்று. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

விடியற்காலையில் கிளம்பி ஏற்காடு. கோரிமேட்டைத் தாண்டும்வரை எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் சூடு ஏறட்டும் என்று மெதுவாகவே போனேன். அடிவாரத்தில் சோதனைச் சாவடிக்காரர் கையசைத்தார். அவருக்கு இந்தச் சத்தம் பழகிவிட்டது.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையோ வருடங்களாக ஏறுகிற சாலை, ஆனால் இந்த வண்டியில் ஏறும்போது சாலையே வேறு. ஸ்டீயரிங் வழியாகத் தார் கைக்கு வந்துவிடுகிறது. எங்கே சரளை சிதறியிருக்கிறது, எங்கே பழைய ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், எங்கே பாறையிலிருந்து நீர் கசிந்து நனைந்திருக்கிறது, எல்லாமே விரல் நுனிக்குத் தெரிகிறது. இதன் முன் அச்சு போர்ஷேயின் 911 ஜி.டி.3 காரிலிருந்து வந்தது. அந்த நேர்மையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. கை கேட்டதை வண்டி செய்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கியரை இறக்கும்போது எஞ்சினே தானாக ஓர் உறுமல் கொடுத்து வேகத்தைச் சமன் செய்துகொள்ளும் வசதி இதில் உண்டு. அதை அணைத்துவிட்டுக் காலாலேயே செய்தேன். முன்பாதம் பிரேக்கில், பாதத்தின் ஓரம் ஆக்சிலரேட்டரில். சரியாக அமைந்த ஒரு வளைவில் கியர் விழுந்ததே தெரியவில்லை. மேலே போய் நிறுத்தியபிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வயதில் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

இனி மனத்தை அரிப்பது. இந்த வண்டியின் இரண்டாவது கியர் மட்டுமே மணிக்கு 130 கி.மீ.க்கு மேல் போகும். எஞ்சின் 8,000 சுற்றுவரை பாடும். மலைச்சாலையில் பஸ் வரும், பள்ளி வேன் வரும், சாலை நடுவில் குரங்குக் குடும்பம் உட்கார்ந்திருக்கும். அங்கே நாற்பது, ஐம்பதுக்கு மேல் போவது அறிவில்லாத வேலை. அதனால் நாலாயிரத்தில் தொடங்கும் பாட்டு ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆறு கியர் கொடுத்திருக்கிறார்கள். ஏற்காட்டுக்கு ஒன்றும் இரண்டும் போதும். மீதி நான்கும் எந்த ஊருக்கு?

இறங்கும்போது ஒரு வளைவில் பஸ் ஏறி வந்தது. நிறுத்தி வழி விட்டேன். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. சட்டமும் அதுதான், அப்பா சொல்லிக் கொடுத்ததும் அதுதான். ஓட்டுநர் ஜன்னலிலிருந்து எட்டி வண்டியை முழுக்கப் பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனார். விலை கேட்கும் பார்வை அல்ல அது. ரொம்ப நேரம் மனத்தில் நின்றது.

அக்டோபர் 8, புதன்

அப்பாவின் ஆபரேஷனுக்கு மருத்துவமனையிலிருந்து இன்னும் தேதி வரவில்லை.

அக்டோபர் 11, சனி

பங்கில் 95 ஆக்டேன் பிடித்தேன். 98 போடச் சொல்கிறது கையேடு. 95 போட்டால் எஞ்சின் தன்னைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளும். பெட்ரோல் போடும் பையன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான், மரியாதையாகக் கேட்டுவிட்டு. பின்னால் நின்ற பெரியவர் கேட்டார்: "சார் வரவில்லையா?"

எந்த சார்? வெள்ளிப் பட்டறையை நடத்துவது நான். ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. கிளட்சை மிதிப்பது என் முழங்கால். இதை யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. "நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஐந்து ரோடு. ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் திறந்தார்கள். மேலே போகிறவர்களுக்கு நிம்மதி, கீழே சிக்னலில் நிற்கிறவர்களுக்கு அதே கதைதான். பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் முதுகெலும்பு எண்ணப்படுகிறது. பக்கெட் இருக்கை சாயாது. கிளட்ச் கனம். இடது முழங்கால் இரவெல்லாம் வலித்தது.

கயலை டியூஷனில் விட்டு வர வேண்டியிருந்தது. "அம்மா, ஸ்கூட்டரிலேயே விட்டுவிடேன், எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றாள். பதினேழு வயதில் எல்லோரும் பார்ப்பது ஒரு பாரம், எனக்குப் புரிகிறது. ஆனாலும் கஷ்டமாக இருந்தது. பக்கத்து இருக்கை ஒன்றே ஒன்றுதான் இந்த வண்டியில். அதில் உட்கார வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இவருக்குத் தலை சுற்றுகிறது. அப்பாவால் அவ்வளவு தாழ்ந்து உட்கார முடியாது. அம்மா இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பாள்.

அக்டோபர் 15, புதன்

வெள்ளி கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜனவரியில் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தது! ஆண்டு தொடங்கும்போதுதான் வண்டிக்குப் பணம் கட்டினேன். செவ்வாய்ப்பேட்டையில் இன்று இரண்டு பேர் சொல்லிக்காட்டினார்கள்: அந்தப் பணத்தைக் கட்டியாகவே வைத்திருந்தால் இன்று இரண்டு வண்டி. கணக்குச் சரிதான். என் தொழிலே வெள்ளி. எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வெள்ளிக் கட்டி பெட்டிக்குள் கிடக்கும். ஐந்தாம் தேதி காலை அந்த வளைவில் கியர் விழுந்த விதத்தை எந்தக் கட்டியும் எனக்குத் தந்திருக்காது. இதை எழுதியபிறகும் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் கொலுசு வாங்கும் கூட்டம் குறைந்துவிட்டது. விலை ஏறினால் எல்லோருக்கும் லாபம் என்று நினைக்கிறார்கள். பட்டறைக்கு அது நேர் எதிர். சரக்கு வாங்கவே இரட்டிப்பு முதல் வேண்டும். கூலி வேலைக்கு வருகிறவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை கொடுக்க முடிகிறது. இந்த நிலையில் ஷெட்டில் ஒரு வண்டி நிற்கிறது என்பது அவர்கள் கண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பட்டறைக்கு அதை ஓட்டிப் போவதை நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

பருவமழை தொடங்கிவிட்டது. டயர்கள் கப் 2. பந்தயப் பாதைக்குப் பிறந்தவை. சூடேறினால் தாரைக் கவ்வும். குளிர்ந்த ஈரத் தாரில், அதுவும் தேங்கிய நீரில், அவற்றின்மேல் நம்பிக்கை வைக்க முடியாது. போன டிசம்பரில் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்களே, அது கண்முன் நிற்கிறது. வண்டி ஷெட்டில். பேட்டரி இறங்காமலிருக்க சார்ஜரை மாட்டிவிட்டேன்.

லிப் வரவில்லை. மருத்துவமனைத் தேதி வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. அப்பா இனிப்பு சாப்பிடவில்லை, நாங்களும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கொச்சியிலிருந்து ஒருவர் அழைத்தார். நான் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறார், முழுப் பணமும் ஒரே தவணையில். டர்போ இல்லாத நான்கு லிட்டர் எஞ்சின், கையால் மாற்றும் கியர். இனி இப்படி ஒன்று வராது என்று அவரே எனக்குச் சொன்னார். எனக்குத் தெரியாதா?

இவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, "ஆபரேஷனுக்குக் காப்பீடு எவ்வளவு தரும் என்று கேட்டாயா?" என்றார். அதுதான் அவர் சொன்னது.

காப்பீடு போதும். கேட்டுவிட்டேன். பணத்துக்காக விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டாயம் இருந்தால் முடிவு சுலபம்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஜூன் மாதம் செட்டிபாளையம் போனதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர்தான் பாதை. கோவைக்காரர் கரிவரதன் பெயர் அதற்கு. 1995-இல் விமான விபத்தில் போனவர். இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கையில் பந்தயக் கார் கிடைக்கக் காரணமானவர். அங்கே எதிரே பஸ் வராது, குரங்கு வராது. முள் எட்டாயிரத்தைத் தொட்டது. தலைக்குப் பின்னால் எஞ்சின் கத்திய அந்தக் கத்தலில் என் கண்ணில் நீர் வந்தது, தலைக்கவசத்துக்குள். மூன்றாவது கியர் எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்தது. மாதம் ஒருமுறை போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் நெஞ்சுவலி ஜூலையில்.

அக்டோபர் 29, புதன்

பெட்ரோல் 718 வரிசை இந்த மாதத்தோடு உற்பத்தி முடிந்தது. கொச்சிக்காரர் மறுபடியும் அழைத்தார். எடுக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

வெயில். அப்பா காலையில் சட்டை போட்டுக்கொண்டு ஷெட் வாசலில் நின்றார். "உட்காரப் பார்க்கிறேன்."

முதலில் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே. அந்த உயர்ந்த ஓரம் தொடையில் குத்தக் கூடாது என்று போர்வையை மடித்துப் போட்டேன். இவர் பின்னாலிருந்து தாங்கினார். உட்கார்ந்தபிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த மனிதர் முப்பது வருடம் ஏற்காட்டுக்குப் பஸ் ஓட்டியவர், பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில். தோள்பட்டை இப்போதும் ஒருபக்கம் சரிந்திருக்கிறது.

அடிவாரம்வரை மட்டும் என்று பேச்சு. குலுங்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். கோரிமேடு தாண்டி, சமதளத்தில், ஆக்சிலரேட்டரில் கால் லேசாக வைத்துப் போய்க்கொண்டிருந்தபோது அப்பா காதைச் சாய்த்தார்.

"கண்ணு, ஒருபக்கம் வேலை செய்யவில்லை. மிஸ்ஸிங் அடிக்கிறது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுமை இல்லாமல் மெதுவாகப் போகும்போது இந்த எஞ்சின் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஒருபக்கத்து மூன்று சிலிண்டர்களை நிறுத்திவிடும், மிதித்தால் மறுபடி ஆறும் சேரும். இத்தனை மாதம் ஓட்டியும் அந்த மாற்றம் என் காதுக்குப் பிடிபட்டதே இல்லை; படித்துத்தான் தெரியும். மருந்து மாத்திரைகளுக்கு நடுவே, எழுபத்தெட்டு வயதில், அப்பாவுக்குப் பிடிபட்டது. விளக்கிச் சொன்னேன். "நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறதா? கெட்டிக்காரன் செய்திருக்கிறான்" என்றார். பிறகு மிதிக்கச் சொன்னார், ஆறும் சேருவதைக் கேட்க. மிதித்தேன். மறுபடியும் மெதுவாக்கச் சொன்னார். அடிவாரம்வரை இதுவேதான்.

சாவடிக்கு முன் திருப்பினேன். மேலே போகலாம் என்றார். போகவில்லை. திரும்பி வரும்போது, "இரண்டிலேயே வைத்திருக்கிறாய், மூன்றுக்கு மாற்று, இழுக்கும்" என்று சொன்னார். மாற்றினேன். இழுத்தது.

இறங்க வைக்க முக்கால் மணி நேரம் ஆனது. வலித்திருக்கும். முகத்தில் காட்டவில்லை. இவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, அது நியாயமும்கூட. இருந்தாலும் இதை நான் மாற்றி எழுத மாட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அப்பாவுக்கு இடுப்பு வலி. மாத்திரை. "அந்த மூன்று சிலிண்டர்" என்று கயலிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார். அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

தேதி கொடுத்துவிட்டார்கள். 12, புதன். காலை ஆறு மணிக்கு அனுமதி. இரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். பட்டறையிலிருந்து நான்கு பேர் வருகிறேன் என்றார்கள், நான் கேட்பதற்கு முன்பே.

லிப்பும் இன்றுதான் வந்தது, அட்டைப் பெட்டியில், இவ்வளவு லேசாக. நாளை காலை மெக்கானிக் வருகிறார். ஜாக்கி அடியில் நுழையாது, முதலில் பலகை மேல் ஏற்ற வேண்டும். கட்டில் பலகை ஒன்று மாடியில் கிடக்கிறது, இவரிடம் சொல்லி இறக்கி வைக்க வேண்டும். கொச்சிக்காரருக்கு 12-ஆம் தேதிக்குப் பிறகு பேசுகிறேன் என்று செய்தி அனுப்பினேன். மருத்துவமனைக்குப் போக இவருடைய வண்டிக்கு டயரில் காற்றுப் பார்க்க வேண்டும், மருத்துவ ஃபைலை எடுத்து வைக்க வேண்டும், அப்பாவின் பழைய...