வீட்டைப் பார்ப்பதற்கு முன் செப்டிக் டேங்கைப் பாருங்கள்

பாரிஸ் புறநகரில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கிற காசில் நடு பிரான்சின் க்ரேஸ் மாவட்டத்தில் கல்லால் கட்டிய வீடு, பக்கத்திலேயே பெரிய கொட்டகை, 2,000 சதுர மீட்டர் நிலம் எல்லாம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புங்கள், வாங்கிய பிறகும் காசு மிஞ்சும். ஒரு லட்சம் யூரோவுக்குக் கீழே அங்கே எத்தனையோ வீடுகள் கிடக்கின்றன. ஏன் இவ்வளவு மலிவு என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மாவட்டம் முழுவதையும் கூட்டினாலும் ஒன்றேகால் லட்சம் பேர்கூடத் தேற மாட்டார்கள். வடகிழக்கில் மேஸ் தொடங்கி தென்மேற்கில் லாந்த் வரை பிரான்சின் குறுக்கே சாய்வாக ஓடும் ஆள் குறைந்த பட்டையில் இருக்கிறது க்ரேஸ். வேலை தேடிப் பிள்ளைகள் லிமோஜுக்கும் பாரிசுக்கும் போய்விட, பாட்டி இறந்த பிறகு பூட்டிய வீடுதான் பெரும்பாலும் விற்பனைக்கு வருகிறது.

நாங்கள் வாங்கியதும் அப்படி ஒரு வீடுதான். வாங்கப் போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே: செப்டிக் டேங்க் அறிக்கை பார்த்தீர்களா? பதில் எப்போதும் தோட்டத்தைப் பற்றியோ பழைய கணப்பு அடுப்பைப் பற்றியோ இருக்கும். தள்ளி இருக்கும் வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை இணைப்பு இருக்காது, கழிவுநீர் முழுக்க உங்கள் நிலத்திலேயே இறங்க வேண்டும். அதைச் சோதித்து அறிக்கை தருவது ஸ்பான்க் என்கிற உள்ளூர்ப் பொதுச் சேவை. விற்கும்போது அந்த அறிக்கை மூன்று வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், விதிப்படி இல்லை என்று அதில் எழுதியிருந்தால் வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரி செய்தாக வேண்டும். புதிதாகப் போட 10,000 யூரோ பக்கம் ஆகும், மண் ஒத்துழைக்காவிட்டால் இன்னும் ஏறும். எங்கள் வீட்டு அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அதை மேஜையில் வைத்துத்தான் விலையைக் குறைத்தோம், இல்லாவிட்டால் விற்றவர்கள் இறங்கி வந்திருக்க மாட்டார்கள்.

அதோடு இன்னும் ஒரு கட்டுச் சோதனை அறிக்கைகள் வரும். 1949க்கு முன் கட்டியது என்றால் பெயின்ட்டில் ஈயம், 1997 ஜூலைக்கு முன் அனுமதி வாங்கியது என்றால் ஆஸ்பெஸ்டாஸ், சில பகுதிகளில் கரையான், அப்புறம் ஏ முதல் ஜி வரை தரம் போடும் எரிசக்திச் சான்று. ஜி வாங்கிய வீட்டை 2025 முதல் ஒருவர் நிரந்தரமாகக் குடியிருக்கப் புதிதாக வாடகைக்கு விட முடியாது, நீங்களே குடியிருக்கத் தடை இல்லை. அப்படி வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த எழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாங்கும் முறை மெதுவானது, ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் கொம்ப்ரோமி என்ற முன் ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்ட பிறகு வாங்குபவருக்குப் பத்து நாள் அவகாசம், காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், விற்பவருக்கு அந்த வசதி கிடையாது. முன்பணம் ஐந்து முதல் பத்து சதவீதம். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனையைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். பிறகு இறுதிப் பத்திரம் எழுத மூன்று மாதம் போல ஆகும். பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அதிகாரிக்கு நொத்தேர் என்று பெயர், நொத்தேர் செலவு என்று பழைய வீட்டுக்கு ஏழெட்டு சதவீதம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் இருந்தாலும் அதில் பெரும்பகுதி வரிதான், அவர் பையில் போவது கொஞ்சம். விற்பவரின் நொத்தேரே போதும் என்பார்கள். உங்களுக்கென்று தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம், கட்டணத்தை அவர்களே பங்கிட்டுக்கொள்வார்கள், கூடுதலாக ஒரு காசு கிடையாது.

விவசாய நிலம் சேர்ந்திருந்தால் விவசாய நில விற்பனையைக் கண்காணிக்கும் சஃபேர் என்கிற அமைப்புக்குத் தகவல் போகும். அவர்களுக்கு இரண்டு மாதம் நேரம், வேண்டுமென்றால் உங்களுக்கு முன்னால் அவர்களே வாங்கிக்கொள்ளலாம். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அது இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் மாடு வளர்க்க நினைக்கும் இளைஞனுக்கு ஒரு துண்டு நிலம் மிஞ்சாது, அதனால் நான் அவர்களைத் திட்டுவதில்லை. இதைவிடத் தலைவலி வாரிசுகள். நான்கு பிள்ளைகள் பெயரில் கூட்டுச் சொத்தாக இருந்து, அதில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால், பேச்சு வருடக்கணக்கில் இழுக்கும். வீடு பிடிப்பதற்கு முன் எத்தனை பேர் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரி: வீடு வாங்கினால் விசா கிடைக்காது. பிரான்சும் சேர்ந்த ஷெங்கன் நாடுகளின் பொது விசா விதிப்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 180 நாளில் 90 நாள்தான், அதற்கு மேல் தங்க நீண்டகால விசா தனியாக வாங்க வேண்டும். வருடா வருடம் சொத்து வரி உண்டு. 2023 முதல் குடியிருப்பு வரி முதன்மை வீட்டுக்கு ரத்தாகிவிட்டது, விடுமுறைக்கு மட்டும் வந்து போகிற வீட்டுக்கு அதுவும் உண்டு.

வாழ்க்கை எப்படி என்று கேட்டால், கார் இல்லாமல் நடக்காது, புதிய நோயாளியை எடுத்துக்கொள்ளும் டாக்டரைக் கண்டுபிடிப்பது வீடு கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம், மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை ஊரே மூடிக் கிடக்கும். வந்தவுடன் ஊர் மேயரைப் போய்ப் பாருங்கள், சின்ன ஊரில் அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. பெரும்பாலும் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். சேவல் சத்தத்துக்குப் புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒலெரோன் தீவில் மொரிஸ் என்ற சேவலின் மேல் வழக்குப் போட்டு, 2019இல் சேவல் பக்கமே தீர்ப்பு வந்தது. 2021 ஜனவரியில் கிராமத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் மரபாக ஏற்கும் சட்டமே வந்துவிட்டது.

வீடு பார்க்க ஜூனில் போகாதீர்கள், பிப்ரவரியில் போங்கள். சுவரில் ஈரம் எங்கே ஏறுகிறது, கூரை எங்கே ஒழுகுகிறது எல்லாம் அப்போதுதான் தெரியும். போனையும் சமையலறை நடுவில் நின்று எடுத்துப் பாருங்கள், அரை மீட்டர் தடிமன் கல் சுவர் சிக்னலை உள்ளே விடாது. எங்களுக்கு ஃபைபர் வந்துவிட்டது, செல்போனில் பேச மட்டும் இன்னும் வாசலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.