பென்சில் குறிப்பையும் சேர்த்து வாசிப்பது

பள்ளியில் காலை வழிபாட்டில் செய்தி வாசித்தவள் நான். குரல் நன்றாக இருக்கிறது என்று பலரும் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். அதனால், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்துதர ஆள் தேடுகிறார்கள் என்று அலுவலகத் தோழி சொன்னதும் உடனே பெயர் கொடுத்துவிட்டேன். அது 2022 ஜூன் மாதம், மதுரையில்.

முதலில் ஒரு மாதிரிப் பதிவு கேட்டார்கள்: நாளிதழ் தலையங்கம் ஒன்று, பாடப்புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம். ஆசையாகப் படித்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. “குரல் நல்லா இருக்குங்க. ஆனா மேடையில பேசுற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை அனுப்புங்க.” எனக்கு வருத்தம்தான். இரண்டாவது முறை கொஞ்சம் அடக்கிப் படித்தேன், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் என்ன தப்பு என்பது, எனக்கு ஒதுக்கிய மாணவரிடம் பேசிய பிறகுதான் புரிந்தது.

அவர் முதுகலை வரலாறு முடித்துவிட்டு, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். “அக்கா, நான் எல்லாத்தையும் ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேப்பேன். நீங்க ஏத்தி இறக்கிப் படிச்சா, இறக்கின இடம் காணாமப் போயிரும். ஒரே சீராப் படிங்க, போதும்” என்றார். என் பதிவை நானே வேகம் கூட்டிக் கேட்டுப் பார்த்தேன். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கியிருந்தேன். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது? ‘ஏற்றார்’ என்பதா ‘ஏற்கவில்லை’ என்பதா என்று தெரிய வேண்டிய இடத்தில் என் மூச்சு தீர்ந்துபோயிருந்தது. அன்றிலிருந்து முற்றுப்புள்ளிவரை குரலைத் தாழவிடாமல் கொண்டுபோகப் பழகினேன். அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போதுதான் போனே எல்லாவற்றையும் படித்துவிடுகிறதே, ஆள் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் இருக்கும் பாடத்தை அந்தத் தம்பி, போன் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை வைத்து என்னைவிட வேகமாகப் படித்துவிடுவார். ஆனால் அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் ஜெராக்ஸ் நோட்ஸ். நகலின் நகல் எடுத்து, ஓரம் கறுத்து, பாதி எழுத்து அழிந்த தாள்கள். சில பிடிஎஃப்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தன. கண்ணால் பார்த்தால் தமிழ். திரைவாசிப்பானுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அங்கேதான் ஆள் வேண்டியிருக்கிறது.

வேலையின் முறை சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. தொடக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, மொத்தப் பக்கம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் சொல்ல வேண்டும். அடிக்குறிப்பை அந்த வாக்கியம் முடிந்ததும் ‘அடிக்குறிப்பு’ என்று தொடங்கி ‘குறிப்பு முடிந்தது’ என்று முடிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு, பெயர் 01, 02 என்று எண்ணில் தொடங்கினால் போனில் வரிசை மாறாது. ஒற்றை ஒலித்தடத்தில் (மோனோ), ஒலித்தரத்தை 64 கேபிபிஎஸ் என்று வைத்தால் அரை மணி நேரம் சுமார் 14 எம்பிதான் வரும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியும்போது தப்பு வந்தால் நிறுத்த மாட்டேன். ஒரு கைதட்டு தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வேன். அப்புறம் கைதட்டு திரையில் ஊசி மாதிரி நிற்கும் இடங்களைத் தேடி வெட்டினால் போதும்.

மின்விசிறிதான் பெரிய பாடு. மதுரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, பீரோ கதவைத் திறந்து புடவைகளுக்கு எதிரே உட்கார்ந்து படிப்பேன். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கினால், பக்கத்துக் கோயிலில் பாட்டு போடுவதற்குள் பதினைந்து பக்கம் முடியும்.

அட்டவணையில்தான் முதலில் வழுக்கினேன். சோழ மன்னர்கள் பட்டியல். முதலில் பெயர்களை எல்லாம் மேலிருந்து கீழாகப் படித்தேன், பிறகு ஆண்டுகளை. “அக்கா, யாருக்கு எந்த வருஷம்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். மறுபடி படித்தேன்: அட்டவணை, மூன்று பத்திகள், பெயர், தொடக்கம், முடிவு. முதலாம் பராந்தகன், 907, 955. முதலாம் இராஜராஜன், 985, 1014. வரிக்கு வரி அப்படியே. கண் ஒரே பார்வையில் குறுக்கும் நெடுக்கும் போய்வந்துவிடுகிறது. காது ஒரு கோட்டில்தான் போகும்.

அதே பாடத்தில் சோழர் ஆட்சிப் பரப்பைக் காட்டும் ஒரு வரைபடம் இருந்தது. ‘இங்கே ஒரு வரைபடம் உள்ளது’ என்று சொல்லிக் கடந்துவிட்டேன். இரவு போன் வந்தது. “அந்தப் படத்துல என்னக்கா இருக்கு?” அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. நான் இருபது வருடத்துக்கு முன் படித்த புத்தகங்களில் எத்தனை வரைபடங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்! அப்படி ஒன்றைத்தான் அவருக்கு ஒரு வரியில் மறைத்துவிட்டேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனிலேயே சொன்னேன். தஞ்சாவூரை நடுவில் வையுங்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு மணிப் பக்கம் மேலே போய்க்கொண்டே இருந்தால் துங்கபத்திரை. கீழே ஐந்து மணிப் பக்கம் கடல் தாண்டினால் இலங்கையின் வடபகுதி, அதுவும் நிழலிட்டிருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இவ்வளவு மேல வரைக்குமா போயிருக்கு!” என்றார்.

எழுத்துகளிலும் கவனம் வேண்டும். மன்றோ என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரை அச்சில் இருப்பதுபோலப் படித்தால் மன்ரோவா மன்றோவா என்று கேட்பார். தேர்வில் ஆங்கில வடிவமும் வரும் என்பதால் அந்த எழுத்துகளையும் கூட்டிச் சொல்லச் சொன்னார். ‘பாவம்’ என்று வந்தால் புண்ணியத்துக்கு எதிரான பாவமா, முகபாவம் என்பதில் வரும் பாவமா என்பதை நான்தான் இடம் பார்த்து உச்சரிக்க வேண்டும்.

நான் செய்த பெரிய தவறு வேறு. ஒரு நோட்ஸில் வேலூர்ப் புரட்சி 1807 என்று அச்சாகியிருந்தது. அது 1806 ஜூலை 10 என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆகவே சத்தமில்லாமல் 1806 என்று படித்துவிட்டேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். சில நாளில் அவர் கண்டுபிடித்துவிட்டார், உடன் படிக்கும் நண்பரின் தாளில் 1807 இருந்ததாம். கோபப்படவில்லை, ஆனால் குரல் மாறியிருந்தது. “தாள்ல என்ன இருக்கோ அதைப் படிங்கக்கா. தப்புன்னு தோணினா ‘வாசிப்பவர் குறிப்பு’ன்னு தனியாச் சொல்லுங்க. இந்த நோட்ஸ்ல இப்படித் தப்பு வரும்னு எனக்கும் தெரியணும்ல?” அவர் சொன்னது முழுக்கச் சரி. எதை நம்புவது என்று முடிவெடுக்க வேண்டியவர் படிக்கிறவர். நான் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாடத்தை முழுவதும் மறுபடி பதிவு செய்து கொடுத்தேன்.

பதிப்புரிமை பற்றிப் புதிதாக வருபவர்கள் பயப்படுகிறார்கள், எனக்கும் பயம் இருந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் தங்கள் படிப்புக்கும் சொந்த உபயோகத்துக்கும் பயன்படுத்த இப்படி வேறு வடிவத்தில் ஆக்கித் தருவதை அனுமதிக்கிறது. லாபத்துக்குச் செய்யக் கூடாது, அவ்வளவுதான். இதற்கான சர்வதேச ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். பதிவை யூடியூபில் போட்டால் எல்லாருக்கும் பயன்படுமே என்று சிலர் கேட்பார்கள். போடக் கூடாது. அது இந்த அனுமதிக்குள் வராது.

போன மாதம் இன்னொரு ஜெராக்ஸ் கட்டு வந்தது, ஆங்கிலேயர் காலத்தில் விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கிய இரயத்துவாரி முறை பற்றியது. அதில் முன்பு வைத்திருந்த யாரோ ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள். பழைய நானாக இருந்தால் விட்டிருப்பேன். இந்த முறை படித்தேன்: “பக்கம் 31. இரண்டாம் பத்தியில் மூன்று வரிகளுக்கு அடிக்கோடு. ஓரத்தில் பென்சிலில், ‘கண்டிப்பா வரும், ரெண்டு தடவை கேட்டாச்சு’ என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.”

அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. சிரித்துக்கொண்டே பேசியிருந்தார். “அக்கா, இத்தனை வருஷமாப் படிக்கிறேன், ஓரத்துல இப்படியெல்லாம் எழுதி வப்பாங்கன்னு யாருமே எங்கிட்டச் சொன்னதில்லை. பழைய நோட்ஸ்லயும் இருந்துச்சா?”

இருந்தது. அந்தப் பழைய கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து பக்கம் முடிந்திருக்கிறது.