காசியில் விட்டதும் விடாததும்

காசிக்குப் போனால் பிடித்த எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. முறைப்படி அது கயாவில் அட்சய வடத்தின் அடியில் செய்ய வேண்டியது என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். ஆனால் நம் வீடுகளில் 'காசியில விட்டாச்சு' என்றுதான் பேச்சு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மாமியாரோடு முதல் தடவை போனபோது நான் விட்டது பாகற்காய். அதை நான் தட்டில் தொட்டதே கிடையாது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். போன வருடம் எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த காய்கறிப் பட்டியலில் முதலில் இருந்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டில்லியில் இருப்பதில் எனக்குள்ள ஒரே லாபம், காசி ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருப்பதுதான். பிடித்த ஊர் எது என்று கேட்டால் பிறந்த திருநெல்வேலிக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். இந்தத் தடவை உடன் வந்தவள் பாளையங்கோட்டையில் என்னோடு கல்லூரியில் படித்த தோழி. ஆபீஸ் வேலையாக டில்லி வந்தவள், சனி ஞாயிறு சும்மாதானே என்று கிளம்பிவிட்டாள். போகிக்கு முந்தைய வாரம். ரயில் ஏறும் முன் அவள் அம்மாவின் போன். "எதையாவது விட்டுட்டு வா. அவள மாதிரி பாகற்காய விட்டுட்டு வந்து நிக்காத." இருபது வருடப் பழக்கத்தில் ரகசியம் என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஜனவரியில் வடக்கே மூடுபனி. மூன்றரை மணி நேரம் தாமதம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டிய மாதிரி இருந்தது. எந்த ஊர் போகிறது, எந்த ஊர் வருகிறது என்றே தெரியவில்லை. பனியிடம் கோபித்துக்கொள்ளவா முடியும்? மண் குவளை டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விடுதி கேதார் காட் என்ற படித்துறைப் பக்கம். முதல் முறை வருகிறவர்களை நேரே விசுவநாதரிடம் கூட்டிக்கொண்டு ஓடாமல் இங்கே கொண்டுவந்து விடுவது என் வழக்கம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய படிகள், மேலே அதே பட்டையில் கோயில். நம் ஊர்க் கோயில் மதில் ஒன்றைக் கொண்டுவந்து கங்கைக் கரையில் நட்டுவைத்த மாதிரி இருக்கும். காரணமும் உண்டு. எங்கள் தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து மடம் அமைத்தார். சிங்கத்தின் மேல் ஏறிப் போய் முகலாய ஆட்சியாளரைப் பார்த்தார் என்று கதை சொல்வார்கள். அந்தக் குமாரசாமி மடத்தின் பொறுப்பில்தான் கேதாரேசுவரர் இருக்கிறார்.

ஏழு டிகிரி குளிர். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டாள். நான் தலையில் தெளித்துக்கொண்டேன். "ஏட்டி, எட்டு தடவை வந்தேன்னு பீத்திக்கிடுத, ஒரு தடவையாவது முங்கியிருக்கியா?" என்றாள், பல் கிட்டித்துக்கொண்டே. கோடையில் வந்தபோது முங்கியிருக்கிறேன். அதைச் சொன்னால் எடுபடாது என்று விட்டுவிட்டேன்.

ஒரு சொம்புத் தண்ணீரோடு மேலே ஏறினோம். கேதாரேசுவரரை முதலில் பார்க்கிறவர்கள் லிங்கம் எங்கே என்று தேடுவார்கள். உருண்டு உயர்ந்த பாணம் இல்லை. சொரசொரப்பான ஒரு கல் மேடு, நடுவே ஒரு கோடு. மாந்தாதா என்ற பக்தர் தினமும் இமயத்துக் கேதாரநாதரைத் தரிசித்துவிட்டு வருவாராம். கிச்சடி சமைத்தால் இலையில் கொட்டி நடுவே கோடு போட்டு, பாதி சாமிக்கு அல்லது வருகிற விருந்தாளிக்கு, பாதி தனக்கு என்று வைத்துக்கொள்வாராம். தள்ளாமை வந்து மலையேற முடியாமல் போன ஒரு நாள், அந்தக் கிச்சடியே கல்லாகி, அதில் ஈசன் தோன்றினார் என்பது தல புராணம். அருகில் போய்க் குனிந்து பார்த்தால் அந்தச் சொரசொரப்பு, குழைந்த அரிசியும் பருப்பும் ஆறி இறுகின மாதிரியேதான் இருக்கிறது. அவள் நீரை ஊற்றினாள். அது கோட்டில் சற்று நின்று இரண்டு பக்கமும் வழிந்தது.

"பொங்கல்லா இது," என்றாள்.

இங்கேயும் சாப்பாட்டின் பெயர்தான் பண்டிகைக்கும். சங்கராந்தியை இந்தப் பக்கத்து ஜனங்கள் 'கிச்சடி' என்றே சொல்வார்கள். அன்றைக்கு அரிசியும் உளுந்தும் எள்ளும் தானம், வீட்டில் கிச்சடி. கோயிலுக்குப் போகும் சந்தில் அதற்குள்ளேயே எள்ளுருண்டை குவித்து வைத்திருந்தார்கள். தை பிறக்க நாலு நாள் இருக்க, பொங்கல் பானை தெரியாத ஊரில் பொங்கல் சாமியைக் கும்பிட்டது அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதத்துக்கு முன்தான் அவள் அப்பா போனார். இந்த வருடம் அவர்கள் வீட்டில் பொங்கல் கிடையாது. அதைப் பற்றி ரயிலிலும் பேசவில்லை, இங்கேயும் பேசவில்லை.

மத்தியானம் படித்துறை வழியாகவே வடக்கே நடந்தோம். குளிர்காலத்துக் கங்கையில் வெள்ளைக் கடற்காகங்கள் வந்து இறங்கியிருக்கும். படகுக்காரர்கள் 'ஆவ், ஆவ்' என்று கூப்பிட்டு ஓமப்பொடி மாதிரி ஒன்றை வீசுவார்கள், கூட்டமாக எழும்பி வரும். அதை எத்தனை நேரம் பார்த்தோம் என்று கணக்கில்லை.

விசுவநாதரை சாயங்காலம் பார்த்தோம். 2021 டிசம்பரில் புது வளாகம் திறந்த பிறகு கங்கையிலிருந்தே படியேறி நேரே உள்ளே போய்விடலாம். வசதிதான். வயதானவர்களுக்கு மிகப் பெரிய வசதி. ஆனாலும் தோளோடு தோள் இடிக்கிற அந்தப் பழைய சந்து, பூக்கடை, மாடு எல்லாவற்றையும் தாண்டி திடீரென்று சன்னிதி வருமே, அது எனக்கு வேண்டியிருக்கிறது. செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு வரிசை. இப்போதுள்ள கோயில் 1780இல் இந்தூர் அரசி அகல்யாபாய் கட்டியது. பொன் தகடு ரஞ்சித் சிங் கொடுத்தது. கருவறையில் சாமி நட்ட நடுவில் இல்லை, ஒரு மூலையில் வெள்ளித் தொட்டிக்குள் தாழ இருப்பார். எட்டிப் பார்ப்பதற்குள் தள்ளிவிடுவார்கள். எனக்குத் தெரிந்தது வில்வ இலைக் குவியல் மட்டும்.

வெளியே வந்தால், 'சம்போ, சம்போ' என்று குரல். வழி விட்டு ஒதுங்கினோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து பூசைச் சாமான் வருகிறது. இருநூறு வருடத்துக்கும் மேலாக தினமும் நடக்கிற கைங்கரியம். பால், பூ, வில்வம், சந்தனம். எங்கேயோ செட்டிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை, ஒரு நாள் தவறாமல். அவள் அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்னபூரணியையும், மீர் காட் அருகே நம் ஊர் பாணியில் இருக்கிற விசாலாட்சியையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கால் மரத்துப் போயிருந்தது.

ஞாயிறு காலை காலபைரவர். முதுகில் மயிற்பீலியால் ஒரு தட்டு, கையில் கறுப்புக் கயிறு. அங்கிருந்து சௌக் பக்கம் 'மலையோ' என்ற பால்நுரை இனிப்பைத் தேடிப் போனோம். மலையோ காசியில் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். காய்ச்சிய பாலை இரவு முழுக்கத் திறந்தவெளியில் பனியில் வைத்து, விடியற்காலம் கடைந்து, எழும்புகிற நுரையை மட்டும் எடுத்துக் குங்குமப்பூ, ஏலக்காய் சேர்த்து மண் குவளையில் தருவார்கள். வாயில் வைத்தால் ஒன்றும் இல்லை. இனிப்பு மட்டும் நிற்கும். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும், கடையும் முடிந்தது. எனக்குச் சர்க்கரை. பாதிக் குவளை. சரி, முக்கால்.

அதற்குப் பக்கத்திலேதான் கொய்யாவைக் கண்டாள். அலகாபாத் கொய்யா, ஆப்பிள் மாதிரி சிவந்த தோல், குளிர்காலத்துப் பழம். தள்ளுவண்டிக்காரர் நாலாக வகிர்ந்து, கறுப்பு உப்பும் பச்சைச் சட்னியும் தடவிக் கொடுக்கிறார். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் வார்டனுக்குத் தெரியாமல் மரமேறிக் கொய்யா பறித்தவள் இவள். அவள் அப்பா மாதம் ஒருமுறை பார்க்க வரும்போதும் பையில் கொய்யாதான் இருக்கும். பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றாள்.

"இதைத்தான் விடணுமோ?"

"உன் இஷ்டம். பாகற்காய் இன்னமும் இருக்கு," என்றேன்.

சிரித்துவிட்டு இரண்டு கிலோ வாங்கினாள். விடுகிற பழத்தை யாராவது கிலோ கணக்கில் வாங்குவார்களா? கேட்டதற்கு யோசிக்கிறேன் என்றாள்.

சாயங்காலம் மறுபடி கேதார் காட். ஆரத்திக்குத் தசாசுவமேதப் படித்துறையில் கூட்டம் அள்ளும் என்பதால் நாங்கள் போகவில்லை. தெற்கே அரிச்சந்திரப் படித்துறையில் இரண்டு சிதைகள் எரிவது பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. அவள் நிறைய நேரம் அந்தப் பக்கமே பார்த்தாள். அப்புறம் எழுந்து கோயிலுக்குள் போனாள். நான் படியில் செருப்புக்குக் காவல். திரும்பி வந்தவளிடம் என்ன விட்டாய் என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி ரயிலில் பெர்த்தை விரித்ததும் பையைத் திறந்து ஒரு கொய்யாவை எடுத்தாள். தயிர்சாதத்துக்குக் கொண்டுவந்த ஸ்பூன் காம்பால் நடுவே கோடு போட்டு அழுத்திப் பிளந்தாள். எதிர் பெர்த்தில் பாட்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு பையன், மங்கி குல்லா போட்டவன், வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள்.

"பாதிய விட்டுட்டேன்," என்றாள் என்னிடம். "இனிமே எந்தக் கொய்யாவும் முழுசாத் திங்க மாட்டேன். அவர்ட்ட சொல்லிட்டேன்."

அவர் என்று சொன்னது கேதாரேசுவரரையா, அப்பாவையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பையன், உப்பு இருக்கிறதா என்று இந்தியில் கேட்டான்.