ஓவியம் தவிர மற்றதெல்லாம்

வழிகாட்டி வேண்டும் என்று வரும் இளம் ஓவியர்கள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: “என் படங்கள் எப்படி இருக்கு?” முதல் சில சந்திப்புகளில் நான் இதற்குப் பதில் சொல்வதில்லை. “இதுவரை வரைந்ததை எல்லாம் பட்டியல் போட்டுக் கொண்டு வாங்க. தலைப்பு, ஆண்டு, எதில் வரைந்தது, உயரம், அகலம், இப்போது யாரிடம் இருக்கிறது” என்பேன். முகம் சுருங்கும். கலையைப் பற்றிப் பேச ஆசையாக வந்தவருக்குக் கணக்குப்பிள்ளை வேலை கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

பெருநகரங்களை விட்டுத் தள்ளி இருக்கும் வட்டாரங்களில், படிப்பு முடித்து முதல் சில ஆண்டுகளில் இருக்கும் ஓவியர்களோடு மூத்தவர்களைச் சேர்த்துவிடும் திட்டங்களில் வெகுகாலமாக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களுக்கு வரையத் தெரியும். வரைந்து முடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் திணறுகிறார்கள். பெருநகரத்தில் இருப்பவர் இதையெல்லாம் யாரையும் கேட்காமலேயே தெரிந்துகொள்வார். கண்காட்சித் திறப்பு விழாவில் நாலு பேர் விலையைப் பற்றிப் பேசுவது காதில் விழும். கேலரியில் கொஞ்ச நாள் கையாளாக இருந்தால் ஒப்பந்தத் தாள் கண்ணில் படும். வட்டாரத்தில் அந்தப் பேச்சே நடக்காது.

புகைப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் குழு முதலில் பார்ப்பது உங்கள் ஓவியத்தின் புகைப்படத்தைத்தான். கைப்பேசியைப் படத்துக்கு மிக அருகில் பிடித்தால் ஓரங்கள் வளையும். இரண்டடி பின்னால் போய் ஜூம் செய்ய வேண்டும். மேகமூட்டமான பகல் வெளிச்சம் நல்லது. விளக்குதான் என்றால் இரண்டு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் ஒரே அளவு வெளிச்சம் வர வேண்டும். படத்தின் மேல் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இது தெரியாமல் நல்ல ஓவியங்கள் முதல் சுற்றிலேயே வெளியேறுவதைத் தேர்வு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அப்புறம் காகிதங்கள். படத்தை விற்பனைக்கு ஒப்படைக்கும்போது, விற்றால் பணம் எத்தனை நாளில் வரும், கேலரியின் பங்கு எவ்வளவு, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, வழியில் கிழிந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்க வேண்டும். விலையில் பாதி கேலரிக்குப் போவது பல இடங்களில் வழக்கம். அதைக் கேட்டதும் இளையவர்கள் அதிர்ந்துபோவார்கள். அதிர்ச்சி அடங்கியதும் அடுத்த சிக்கலைச் சொல்வேன்: கேலரியில் ஒரு விலை, வீட்டுக்கு நேரில் வருபவருக்குப் பாதி விலை என்று வைத்தால், இரண்டே மாதத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சிறிய வட்டாரத்தில் விலை ரகசியமே கிடையாது. படத்தை விற்றால் அதை அச்சிடும் உரிமையும் போய்விடாது என்பது பலருக்குப் புதிய செய்தி. யாராவது காசு கொடுத்து வரையச் சொன்ன படம் என்றால் சில நாடுகளின் சட்டத்தில் கதை மாறும். அதனால்தான் தூரிகையைத் தொடும் முன்பே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

“நம்ம பிள்ளைதானே, ஒரு படம் வரைஞ்சு கொடேன்” என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இதற்கு நான் விதி எதுவும் வைத்திருக்கவில்லை. கொடுப்பதானால் பரிசாகக் கொடுங்கள், பட்டியலில் ‘பரிசு’ என்று எழுதி வையுங்கள், அவ்வளவுதான்.

இத்தனை சொன்னாலும் அந்தப் பட்டியலில்தான் எனக்கு ருசி அதிகம். ஒருமுறை ஒரு பெண் கொண்டுவந்த பட்டியலில் எல்லாப் படங்களும் ஒரே அளவு. ஏன் என்று கேட்டேன். “பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக அதுதான் சரியா இருக்கும், அக்கா” என்றாள். அவள் வரைந்ததோ நீண்டு கிடக்கும் உப்பளங்களை. அந்த அகலம் முழுவதும் மடியளவுத் தாளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. தாள்களைத் தனித்தனியாக வரைந்து சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம், துணியில் வரைந்தால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டி எடுத்துப் போகலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். பேச்சு எப்போது பஸ்ஸை விட்டு அடிவானத்துக்குப் போனது என்று இருவரும் கவனிக்கவில்லை. ‘எப்படி இருக்கு?’ என்று தொடங்கியிருந்தால் நான் ‘இடம் போதவில்லை’ என்று ஒரு வரி சொல்லியிருப்பேன், அவளும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

இன்னொருவர் தன் சிவப்புகள் வெளிறிப்போவதாக வருத்தப்பட்டார். ட்யூபின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். நிறமிக் குறியீடு பி.ஆர். 83 என்று இருந்தது. அசல் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு. வெளிச்சம் படப்பட மங்கும். ஜன்னலை ஒட்டி மாட்டியிருந்தாராம்.

வழிகாட்டுபவர் என்றாலே தன்னைப் போல வரையப் பழக்குபவர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வட்டாரத்தில் அந்த ஆபத்து பெரிது. மூத்தவர்களே இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள் என்றால், பத்து ஆண்டில் அங்கே எல்லாச் சுவரிலும் அந்த இரண்டு மூன்று கைகள்தான் தெரியும். இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ நினைவுக்கு வருவார். 1870களின் தொடக்கத்தில் அவர் பாரிசை விட்டு விலகி பொந்துவாஸ் என்ற சிற்றூரில் இருந்தார். ஒன்பது வயது இளையவரான ஓவியர் செசான் அங்கே போய் அவரோடு வெளியில் நின்று வரைந்தார். பிசாரோவின் ஒரு படத்தை இரவல் வாங்கி அப்படியே பிரதி எடுத்தும் பார்த்தார். 1874-ல் இம்ப்ரெஷனிஸ்டுகள் எனப்பட்ட அந்தப் புதுப்பாணி ஓவியர்களின் முதல் கண்காட்சியில் செசானைச் சேர்ப்பதற்குச் சிலர் தயங்கினார்கள். பிசாரோதான் அவருக்காக வாதாடினார். என்னைக் கேட்டால், பக்கத்தில் நின்று வரைந்ததைவிட அந்த வாதாட்டம்தான் பெரிய உதவி. செசான் கடைசியில் பிசாரோவைப் போல வரையவில்லை. ஆனாலும் முதுமையில் ஒரு கண்காட்சிப் பட்டியலில் தன்னைப் ‘பிசாரோவின் மாணவர்’ என்றுதான் குறிப்பிட்டார்.

பிழைப்பு விஷயத்தில் நான் சொல்லும் உதாரணம் வேறு. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தபோது, மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் பணம் திரட்டினார்கள். பள்ளியில் பகுதிநேரம் சொல்லிக்கொடுப்பதையோ, கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பதையோ வெட்கத்தோடு சொல்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். ஆனால், வருமான வேலைக்கும் சொந்த வேலைக்கும் நேரத்தைப் பிரித்து வைக்கச் சொல்லவும் தவறுவதில்லை.

சிறிய இடத்தில் இன்னொரு சங்கடம். வழிகாட்டுபவரே தேர்வுக் குழுவில் இருப்பார், அவரே போட்டியாளராகவும் இருப்பார். அதனால் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: நான் வழிகாட்டுகிறவர்களின் விண்ணப்பம் மேசைக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன், ஒருவர் படத்தைப் பற்றி இன்னொருவரிடம் பேச மாட்டேன், ஓராண்டு முடிந்ததும் இந்த ஏற்பாடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு நாம் சக தொழிலாளிகள். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் நம்புவதில்லை.

உப்பளம் வரைந்த பெண் இப்போது இரண்டு பேருக்கு வழிகாட்டுகிறாள். பட்டியல் கேட்கிறாயா என்றேன். கேட்பதில்லையாம். “முதல் நாளே படத்தைப் பற்றிப் பேசிடுவேன் அக்கா. பட்டியல் கேட்டப்போ நான் வராமலே போயிடலாமான்னு நினைச்சேன். அப்படிப் போனவங்க எத்தனை பேரோ, உங்களுக்குத் தெரியவா போகுது?” என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். பட்டியலை மூன்றாவது சந்திப்புக்குத் தள்ளலாம் என்று அவள் சொல்கிறாள். இரண்டாவதுக்கு மேல் தள்ள முடியாது என்று நான் சொல்கிறேன்.