ஓரியூர் செம்மண்ணும் மகன் கேட்ட கேள்வியும்

பொங்கல் லீவுக்கு வந்த மகன் சாப்பிடும்போது கேட்டான், "அம்மா, அருளானந்தர் வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டு உயிரோட போயிருக்கலாமே, மனசுக்குள்ள கும்பிட்டா சாமி வேண்டாம்னா சொல்லப்போறார்?" விசுவாசத்தை மறுதலிக்காமல் ஓரியூரில் வெட்டுப்பட்டு இறந்த போர்ச்சுகல் சாமியார் அருளானந்தரைப் பற்றித்தான் கேள்வி. ஹாஸ்டலில் கூடத் தங்கியிருக்கிற பையன் கேட்டானாம், இவனுக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. "விசுவாசம்னா அப்படித்தான்ப்பா" என்று சொல்லிவிட்டு மீன் குழம்பை ஊற்றினேன். ராத்திரி தூக்கமே இல்லை. நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் பணிவோடு விடை சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருங்கள் என்று இயேசுவின் சீடர் பேதுரு எழுதியதை எத்தனை பூசையில் கேட்டிருப்பேன், பெற்ற பிள்ளை கேட்கும்போது வாய் அடைத்துப்போனதே.

சரி, ஓரியூருக்கே போய்வருவோம் என்று கிளம்பினோம். பிப்ரவரி 4 திருவிழாவுக்குள் அவன் காலேஜுக்குத் திரும்பிவிடுவான், அதனால் அந்த வாரமே தங்கச்சிமடத்தில் முதல் பஸ் பிடித்தோம். பாலம் தாண்டி, மண்டபம் தாண்டி, வேதாளையில் அவனை இறக்கிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அந்தோணி கிரிமினாலி சாமியார் 1549இல் கொல்லப்பட்ட ஊர் அது. இயேசு சபை என்கிற துறவற சபையில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட முதல் வேதசாட்சி அவர்தான், வயது முப்பதுகூட ஆகவில்லை. வடுகர் படை வந்தபோது கரையில் படகுகள் நின்றன, அவரையும் ஏறச் சொன்னார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிடத்தான் அவர் திரும்பத் திரும்பக் கரைக்குப் போனார், அங்கேயே ஈட்டி பாய்ந்தது. மகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, போட்டில் ஆபத்து என்றால் ஓட்டுகிறவர் கடைசியில்தான் குதிப்பார் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் ராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி என்று பஸ் மாறி மாறி ஓரியூர் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கூட்டமில்லாத நாள். மொட்டை போட்ட ஒரு குழந்தை தலையில் சந்தனத்தோடு அழுதுகொண்டிருந்தது, நெற்றியில் திருநீறு பூசிய பாட்டி ஒருவர் எங்களுக்கு முன்னாலேயே முழங்காலில் இருந்தார். அந்தச் செம்மண்ணைக் கையில் எடுத்தால் மாவு மாதிரி அவ்வளவு மெல்லிசு, ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாளைக்குப் போகாது. அருளானந்தர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை. என் அம்மா பீரோவில் துணி முடிச்சில் வைத்திருப்பார், காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசிவிடுவார்.

அங்கே உட்கார்ந்துதான் அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, நம் ஊருக்கு வந்து காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, தமிழில் பேசி நடந்தே ஊர் ஊராகப் போனவர். 1686இல் பிடித்து அடித்து வதைத்தார்கள், இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லித்தான் ராமநாதபுரத்து அரசர் சேதுபதி விடுதலை செய்தார். மறு வருஷம் போர்ச்சுகலுக்குப் போனவரை அங்கேயே இருக்கச் சொல்லி அந்த நாட்டு ராஜாவே கேட்டார். இருந்திருக்கலாம். 1690இல் திரும்பி வந்தார். மறவர் இளவரசர் தடியத்தேவர் நோய் குணமாகி ஞானஸ்நானம் கேட்டபோது ஒரு மனைவியோடுதான் வாழவேண்டும் என்று சொன்னது இவர்தான், விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருவரான கதலி சேதுபதியின் உறவுப்பெண், அங்கிருந்துதான் அரசரின் கோபம். (கதலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது, அவருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.)

இப்போது நீயே யோசி என்றேன். அவர் சொல்லை நம்பித் தடியத்தேவர் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார், இன்னும் எத்தனையோ பேர் அடியும் உதையும் வாங்கி நின்றார்கள். உயிருக்குப் பயந்து 'நான் சொன்னதெல்லாம் சும்மா' என்று அவர் சொல்லியிருந்தால் அவர்கள் எல்லாரையும் கரையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் படகேறினது மாதிரிதானே? வாயால் சொல்லும் ஒரு வார்த்தை வாயோடு போகாது தம்பி, நம்பினவன் தலையில் விழும். பேதுரு மூன்று தரம் மறுதலித்தார், ஆண்டவர் மன்னித்தார், மன்னிப்பு இருக்கிறது என்பதற்காகப் பொய்யை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று வெட்டினார்கள். முந்தின நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் யார் மேலும் கோபம் இல்லை, சாவை ஆசையோடு காத்திருப்பதாகத்தான் இருக்கிறது.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவங்க அம்மா என்ன ஆனாங்க?" என்றான். அவன் அதைக் கேட்பான் என்று நான் நினைக்கவே இல்லை. மகனை இந்தியாவுக்கு அனுப்பாமல் தடுக்க எவ்வளவோ முயற்சி செய்த தாய் அவர். சாவுச் செய்தி லிஸ்பனுக்கு வந்து ராஜா நன்றி வழிபாடு வைத்தபோது, துக்க உடை உடுத்தாமல் பண்டிகை உடையில் வந்தாராம். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது, என்னால் அது முடியுமா என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், இரண்டு பேர் கையிலும் அந்த மண்.

போன ஞாயிறு ஹாஸ்டலிலிருந்து போன் செய்தான். அந்தப் பையனிடம் படகுக் கதையோடு சேர்த்துச் சொன்னானாம், ராத்திரி ஒரு மணி வரை இரண்டு பேரும் பேசினார்களாம். "ஒத்துக்கிட்டானா?" என்றேன். "இல்லம்மா, ஆனா இன்னைக்கு மறுபடி கேட்டான்" என்றான்.